ஞாயிற்றுக்கிழமைக் கடலை

கடத்தூருக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் என்று கல்லில் போட்டிருந்தது. நான் நடக்க ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, போன் சார்ஜர். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து வேகத்தைக் குறைத்தது. நான் கை காட்டவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் யோசிக்க வேண்டிவரும். நடந்தால் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

வேலையை விட்டுப் போவது எனக்குப் புதிது இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெங்களூரில் பேக்கரி, ஓசூரில் கேன்டீன், பாலக்கோட்டில் தக்காளி மண்டி, நடுவில் ஒரு வருஷம் போர்வெல் போடுகிற லாரி. எந்த இடத்திலும் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. எந்த இடத்தைப் பற்றியும் பிறகு நினைத்ததும் இல்லை. இந்த மனிதரிடம் ஏழு மாதம்தான் இருந்தேன். அன்றைக்கு அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். சொல்லியிருந்தால், நான் சங்கடப்படக் கூடாது என்று என் பையை அவரே கட்டிக் கொடுத்திருப்பார். அவர் அப்படித்தான்.

அவர் பேரை எழுதப் போவதில்லை. ஊரிலும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மெக்கானிக் என்பார்கள். மோட்டார் காயில் கட்டுகிறவர். ஐம்பது வயசு இருக்கும். ஒல்லி. வார்னிஷ் ஏறி விரல் நுனிகள் பழுப்பாக இருக்கும். பல்லும் அந்தப் பக்கத்துத் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்கு இருக்கிற மாதிரி காவி படிந்திருக்கும். சுற்றியிருந்த பத்துப் பன்னிரண்டு ஊருக்கும் போர் மோட்டார் எரிந்தால் அவர்தான். முக்காலி போட்டு, செயின் பிளாக் மாட்டி, முந்நூறு நானூறு அடி பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே கொண்டுவருவோம். பைப் பிடிக்கிற வேலை எனக்கு. கம்பி சுற்றுகிற வேலை அவருக்கு.

ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு ஓடை. அவர் வீடு ஓடையைத் தாண்டியதும் காலனியின் முதல் வீடு. வீட்டுக்கு முன்னால் ஒரு புங்க மரம், அதை ஒட்டித் தகரம் போட்ட பட்டறை. நான் பட்டறையிலேயே படுத்துக்கொள்வேன். அவர் மனைவி களி கிண்டினால் எனக்கும் ஒரு உருண்டை வரும். நான் பென்னாகரம் பக்கத்து ஆள். என் ஊரிலும் இப்படி ஒரு ஓடை உண்டு. எங்கள் வீடு அதற்குக் காலனிப் புறம் இல்லை, ஊர்ப் புறம். ஆனால் ஊர் சுற்றுகிறவன் எங்கே சாப்பிட்டான் என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

அவருடைய காதில் எப்போதும் ஒரு பீடி செருகியிருக்கும். டீக்கடைக்குப் போனால் உள்ளே பெஞ்சு காலியாக இருந்தாலும் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொள்வார். கடைக்காரர் என்றைக்காவது ஒரு பேச்சுக்கு, "உள்ள வாப்பா மெக்கானிக்கு" என்றால், காதைத் தொட்டுக் காட்டி, "பீடி நாத்தம் உங்களுக்கு எதுக்குங்க" என்பார். கடைக்காரரும் விட்டுவிடுவார். ஏழு மாதத்தில் அந்தப் பீடியை அவர் பற்ற வைத்து நான் பார்க்கவில்லை. அது நுனி நைந்து, கட்டியிருந்த நூல் அவிழ்ந்து தொங்கியது. அவருக்குப் பீடிப் பழக்கமே கிடையாது என்று அவர் மனைவிதான் ஒரு நாள் சொன்னார். கெட்டுப்போனால் வேறொன்று வாங்கிச் செருகிக்கொள்வாராம்.

மொபெட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் கட்டியிருப்பார். தோட்டத்துக்கு வேலைக்குப் போனால், பைப் இறக்கி முடிந்ததும் வீட்டுக்காரம்மா சொம்பும் டம்ளரும் கொண்டுவரும். அந்த அம்மா எங்கள் இருவரையும் பார்க்கும். ஒரு நொடி கை தயங்கும். அதற்குள் இவர் பாட்டிலைத் தூக்கி வாயில் ஊற்றிக்கொண்டிருப்பார். "நான் இப்பத்தாங்க குடிச்சன். பையனுக்குக் குடுங்க" என்பார். எனக்கு முப்பத்தெட்டு வயசு, நான் அவருக்குப் பையன். அந்த அம்மாவின் முகம் லேசாகிவிடும். நான் டம்ளரை வாங்கிக் குடிப்பேன். அடுத்தவர் சங்கடப்படும் முன்பே அந்தச் சங்கடத்தை எடுத்து ஓரமாக வைத்துவிடுவது அவருக்கு மோட்டார் வேலையைவிட நன்றாக வந்த வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று மணி ஆனால் புங்க மரத்தடிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். ஊரிலிருந்து. தக்காளி போடுகிற ஒரு பெரியவர், கரண்ட் ஆபீஸில் வயர்மேனாக இருந்த ஒருவர், பால் சொசைட்டிக்காரர், இன்னும் மூன்று நான்கு பேர். பழைய செம்புக் கம்பி வாங்க டவுனிலிருந்து வரும் பாயும் மொபெட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஆறு வருஷமாக இப்படி வருகிறார்கள் என்று சொன்னார்கள். காரணம் எதுவும் இல்லை. யாரும் யாரையும் கூப்பிட்டதும் இல்லை. மோட்டார் பழுது பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்து பேசி, அதுவே பழகிவிட்டது.

வீட்டுக்கு ஆள் வந்தால் நம் பக்கத்தில் பெண்கள் படும் பாடு எனக்குத் தெரியும். என் அம்மா, மாமா வருகிறார் என்றால் காலையிலிருந்து அடுப்படியைவிட்டு எழ மாட்டாள். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. ஒரு அலுமினியக் குண்டான் நிறைய வேகவைத்த கடலை. அது இல்லாத நாளில் சக்கரவள்ளிக் கிழங்கு. கார்த்திகை மார்கழியில் முற்றிய அவரைக்காய் அவித்தது. ஆடியில் மட்டையோடு சுட்ட மக்காச்சோளம். ஒரு தடவை அவித்த முட்டை. தட்டு கிடையாது. பேப்பரில் கொட்டி நடுவில் வைத்துவிடுவார். டீ கடையிலிருந்து பிளாஸ்க்கில் வரும், பேப்பர் கப்பில் ஊற்றிக்கொள்வார்கள். தண்ணீர் கேனில் வரும். "நம்ம போர் தண்ணி பல்லுக்கு ஆவாதுங்க, கேன் தண்ணியே குடிங்க" என்பார். எரிந்த மோட்டார் பாடி, சிமெண்டுக் கல், பழைய டயர் என்று கிடைத்ததில் உட்கார்வார்கள். தோலை அப்படியே கீழே போடுவார்கள். அவருடைய ஆடு வந்து தின்றுவிட்டுப் போகும்.

அவர் மட்டும் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டிருப்பார். பேச்சில் கலந்துகொள்வார், சிரிப்பார். கை தன் பாட்டில் சுற்றும். எத்தனை பேர் பேசினாலும் சுற்றுக் கணக்கு தப்பாது.

"என்னா மெக்கானிக்கு, ஒம் பொண்டாட்டிய ஒரு வேல வாங்க மாட்டேங்கற. ராணி மாரி வெச்சிருக்க" என்பார் வயர்மேன்.

"வந்தவங்க உரிச்சித் தின்னட்டும்ங்க. நாம எதுக்கு உரிச்சிக் குடுக்கணும்" என்பார் இவர். எல்லாரும் சிரிப்பார்கள்.

எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இவ்வளவு இடங்களில் இருந்திருக்கிறேன், இவ்வளவு சுலபமாக ஆளைச் சேர்த்து உட்கார வைக்கிற மனிதரைப் பார்த்ததில்லை என்று நினைத்தேன். அந்தப் பேப்பரில் வந்தது எல்லாமே தோலோடு இருந்தது என்பது என் கண்ணில் படவே இல்லை. கடலையோ கிழங்கோ முட்டையோ, தோலை உரித்துவிட்டால் உள்ளே இருப்பது அந்த வீட்டுப் பாத்திரத்தைத் தொடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். டீ ஊர்க் கடை டீ. தண்ணீர் கேன் தண்ணீர். வீட்டு வாசலை யாரும் மிதிக்க வேண்டியதில்லை. யாரும் அந்த வீட்டில் சாப்பிட்டதாக ஆகாது. அவர் ஆறு வருஷமாக அவ்வளவையும் யோசித்து யோசித்துச் செய்தார். நான் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு முறை சித்தேரி மலைக்கு வேலைக்குப் போனோம். காலை பஸ்ஸில் போய், மதியம் மோட்டார் ஓடவிட்டாயிற்று. அந்த வீட்டுக்காரர் மலைக்காரர். கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் உட்கார வைத்தார். யார் எவர் என்று கேட்கவில்லை. சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். இவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் வாங்கினார். மூன்றாவது தடவை அந்த வீட்டு அம்மா கேட்டபோது, "போடுங்க ஆத்தா" என்று இலையைத் தள்ளிக் காட்டினார். வீட்டில் ஒரு உருண்டைக் களிக்கு மேல் சாப்பிடாதவர். இறங்குகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் இரண்டு தடவை சொன்னேன்.

"இரு. போவலாம்" என்றார். அந்தப் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை அந்த வீட்டு நடையிலேயே உட்கார்ந்திருந்தார். சோறு அதிகமாகிப் படுத்துக்கொள்ள நினைக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

மலையிலிருந்து வந்த பிறகு ஒரு நாள் பட்டறையில் அவர் காயில் சுற்றிக்கொண்டிருந்தபோது சும்மா கேட்டேன்.

"ஏண்ணா, எந்நேரமும் கடலையும் கெழங்கும்தானா? ஒரு நாயித்துக்கெழம சோறு போட்டுர்லாமே. அக்கா வெக்கற கோழிக் கொழம்ப இவுங்களும் சாப்ட்டுப் பாக்கட்டும்."

அவர் கை நின்றது.

"எத்தினி சுத்து சொன்னன்?" என்று கேட்டார்.

நான் கவனிக்கவில்லை. அவர் அந்தக் காயில் முழுவதையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றினார். அதில் பாதி ஆன பிறகு, "வருவாங்களா?" என்றார்.

"ஆறு வருசமா வர்றாங்க. வராம எங்க போவாங்க?"

அவர் மீதிப் பாதியையும் சுற்றி முடித்தார். இரண்டு நாள் கழித்து ஒரு தோட்டத்தில் செயின் பிளாக்கை இழுத்துக்கொண்டிருக்கும்போது, நான் அந்த நிமிஷம்தான் கேட்ட மாதிரி, "போட்டுர்லாமா?" என்றார்.

அவர் மனைவிக்கு இது தெரிந்ததும் பாத்திரம் உருண்டது.

"ஒனக்கு என்னா கேடு? மரத்தடியில ஒக்காந்து தொலிய உரிச்சிப் போட்டுட்டுப் போறாங்க. அத்தோட இருக்கட்டும்னு வுடேன்."

"சும்மாதான்டி. பத்திரிக அடிக்கறமா, பந்தல் போடறமா? வந்தவங்க அப்பிடியே ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போறாங்க."

"சும்மாவா? சும்மான்னா எதுக்கு ரெண்டு நாளா தூங்காம பொரண்டு பொரண்டு படுக்கற?"

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீதான தம்பி ஏத்திவுட்ட?"

நான் சிரித்தேன். அப்போது சிரிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

அவர் போய்க் கூப்பிடவில்லை. "நான் போயி கூப்ட்டா, வரலன்னு சொல்றதுக்கு அவுங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். நீ போயி சொல்லு. போற போக்குல சொல்ற மாரி சொல்லு" என்றார். போனேன். தக்காளிக்காரர் செடிக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"வர்ற நாயித்துக்கெழம மெக்கானிக்கு வூட்ல சாப்பாடுங்க. ஒரு மணிக்கு வந்துருங்க."

"என்னா விசேசம்?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மாதான்."

"சும்மாவா?" கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். இன்னொரு முடிச்சும் போட்டார். "சரி சரி. வர்றன்னு சொல்லு."

வயர்மேன், "நாட்டுக்கோழியா? அப்ப வந்துற வேண்டியதுதான்" என்றார். பால் சொசைட்டிக்காரர் மணி மட்டும் கேட்டுக்கொண்டார். ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. நான் ஓடையைத் தாவிக் குதித்து வந்து, எல்லாரும் வருகிறார்கள் என்று சொன்னேன்.

"மொகத்தப் பாத்தியா?" என்று கேட்டார்.

"எதுக்குணா?"

"ஒண்ணுமில்ல."

சனிக்கிழமை அவர் பட்டறையைக் கூட்டினார். எரிந்த மோட்டார் பாடிகளையெல்லாம் பின்னால் கொண்டுபோய் அடுக்கினார். பிறகு, அவையெல்லாம் இல்லாவிட்டால் வித்தியாசமாகத் தெரியும் என்று பாதியைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார். பேப்பர் தட்டு போதும் என்றார் அவர். சோறு போடுவது என்றால் இலையில்தான் போட வேண்டும் என்றார் அந்த அம்மா. முதலில் வேண்டாம் என்று சொன்னவர், கடைசியில் அவரைவிட அதிகமாக ஓடினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு களிக்கு மாவு சலித்தார். வாழை இலைக் கட்டைத் தண்ணீர் தெளித்து ஈரத் துணி போட்டு மூடி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பாய் வந்துவிட்டார். கோழியை அவர் கையால் அறுத்தால்தான் அவரால் சாப்பிட முடியும் என்று இவர் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். நான்கு கோழி. "வூட்ல எனக்கு இன்னிக்கி சோறு வெக்காதன்னு சொல்லிட்டு வந்துட்டன் மெக்கானிக்கு. பாத்துப் போடச் சொல்லு" என்றார் பாய். மசாலா அரைத்த வாசனை ஓடை வரைக்கும் போயிருக்கும்.

ஒரு மணி ஆயிற்று. களி கிண்டி இறக்கியாயிற்று. இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அது சரியில்லை என்று கழற்றிவிட்டு, வேலைக்குப் போடுகிற சட்டையையே போட்டுக்கொண்டு சாக்கில் உட்கார்ந்தார். ஒன்றரை ஆயிற்று. இரண்டு ஆயிற்று. களி உருண்டைகளின் மேல் காய்ந்து ஆடை பிடித்தது. அந்த அம்மா வெந்நீர் தெளித்து மூடினார். "பாய், நீங்க சாப்புடுங்க" என்று இவர் சொன்னார். "வரட்டும், வரட்டும்" என்றார் பாய். அவர் வயிறு சத்தம் போட்டது எனக்குக் கேட்டது.

மூன்று மணிக்கு வந்தார்கள். எப்போதும் தனித்தனியாக வருகிறவர்கள் அன்றைக்கு ஒன்றாக வந்தார்கள்.

"இப்பத்தான் மெக்கானிக்கு, தயிர ஊத்தி சாப்ட்டுட்டு, கையக் கழுவிட்டு நேரா வர்றன்" என்றார் தக்காளிக்காரர். கையை விரித்தும் காட்டினார்.

"எனக்கு நேத்திலேர்ந்து வயிறே சரியில்ல. மோர்தான் குடிச்சன்" என்றார் வயர்மேன்.

பால் சொசைட்டிக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். "நமக்கு இன்னிக்கி அம்மாவாச. கவுச்சி ஆவாது."

"அம்மாவாச முடிஞ்சி எட்டு நாளாவுது" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. யாரும் அது காதில் விழுந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

இவர் எழுந்து நின்றார். "அதுக்கென்னாங்க, பரவால்ல. ஒக்காருங்க, ஒக்காருங்க" என்றார். உட்கார்ந்தார்கள், அவரவர் எப்போதும் உட்கார்கிற மோட்டார் மேல், கல் மேல், டயர் மேல். பேச்சு வரவில்லை. தக்காளிக்காரர் வழக்கமாகப் பேப்பர் விரிக்கிற இடத்தைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார்.

"இன்னிக்கி கடல வேவிக்கலியா மெக்கானிக்கு?"

அவர் குரலில் கேலி இல்லை. அவர் உண்மையாகவே கடலைக்குத்தான் வந்திருந்தார்.

"இருக்குதுங்க" என்றார் இவர். "அர மணி நேரம்தாங்க. ஒக்காருங்க." மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். பச்சைக்கடலையோடு வந்தார். நான் கை நீட்டியபோது என்னிடம் கொடுக்கவில்லை. அவரே உள்ளே போய், குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, குண்டானில் தண்ணீர் ஊற்றி, கடலையைப் போட்டு, உப்புப் போட்டார். அந்த அம்மா சுவரில் சாய்ந்து நின்று அதைப் பார்த்தார்.

வெளியே பாய்க்கும் எனக்கும் இலை போட்டார்கள். பாய் எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார். "நல்லா சாப்புடு பாய்" என்றார் வயர்மேன். பாய் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் சாப்பிட்டேன். இரண்டு பேர் முடிக்கக்கூடிய சாப்பாடாக அது இல்லை.

கடலை வந்ததும் பேச்சும் வந்தது. டிரான்ஸ்பார்மர் வெடித்தது, தக்காளி விலை, யாரோ ஒருவரின் மாடு கிணற்றில் விழுந்தது. இவர் சாக்கில் உட்கார்ந்து காயில் சுற்றினார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். அவர்கள் கிளம்பும்போது, "அடுத்த நாயித்துக்கெழம பாப்பம்ங்க" என்றார்.

"வராம எங்க போறம்?" என்றார் தக்காளிக்காரர்.

அவர்கள் ஓடையைத் தாண்டிய பிறகு நான் அவர்களை அசிங்கமாகத் திட்டினேன்.

"திட்டாத" என்றார். "அவுங்க எப்பவும்போலத்தான் இருக்காங்க. நாந்தான் கேட்டுப்புட்டன்."

அவர் கீழே கிடந்த தொலியைக் கையால் கூட்டினார்.

"கேக்காத வரைக்கும் எனக்குத் தெரியாதுன்னு வெச்சிக்கலாம். கூப்ட்டா வந்துருவாங்க, நாமதான் கூப்புடலன்னு வெச்சிக்கலாம். ஆறு வருசமா அப்பிடித்தான் வெச்சிருந்தன்."

என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீதான் ஏத்திவிட்டாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே இருந்திருப்பேன்.

மீந்த களியையும் குழம்பையும் அந்த அம்மா காலனியில் நான்கு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். மீந்த இலைக்கட்டை ஆட்டுக்குப் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். கடலை இருந்தது. எல்லாம் முன்பு மாதிரியே இருந்தது, இவர் சுற்றுக் கணக்கு மட்டும் மூன்று தடவை தப்பியது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்கு, ஒரு மோட்டார் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தனியாக மொபெட்டில் போனார். அவர்கள் வந்து கொஞ்ச நேரம் நின்றார்கள். "மோட்டார் பாக்கப் போயிருக்காரு" என்று அந்த அம்மா வாசலில் நின்று சொன்னார். டீக்கடைக்குப் போய்விட்டார்கள். நான் அந்தப் பக்கம் போனபோது பெஞ்சில் உட்கார்ந்து அதே பேச்சைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நான் அவரைத் தேடிக்கொண்டு போனேன். ஏரிக்கு மேல் ஒரு பாறைக் கரட்டின் அடியில், தண்ணீர் வற்றிப்போய் யாரும் பயன்படுத்தாமல் மூடிக் கிடந்த ஒரு போர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்பேனர்கூட இல்லை. வெயில் நேராக முகத்தில் அடித்தது.

"இங்க என்னாணா பண்ற?"

"நாலரைக்குள்ள போய்டுவாங்கல்ல?" என்று கேட்டார்.

"வராதீங்கன்னு சொல்லிட்டாப் போச்சு. எதுக்கு ஒளிஞ்சிகிட்டு ஒக்காரணும்? ஒன் வூடு அது."

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "வூட்டுக்கு வர்றவங்கள எப்பிடிறா வராதீங்கங்கறது? அவுங்களுக்கு சங்கடமா இருக்காது?"

நாலரை மணி வரைக்கும் நானும் அவரோடு அங்கே உட்கார்ந்திருந்தேன். பிறகு மொபெட்டில் வீட்டுக்குப் போனோம். மரத்தடியில் யாரும் இல்லை. ஆடு மட்டும் நின்றிருந்தது.

நான் கிளம்பியது நான்காவது ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டு முடித்ததும் அவர் மொபெட்டை எடுத்தார். உதைத்தார், ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி மறுபடி உதைத்தார். மணி இரண்டே முக்கால் ஆகிவிட்டது. ஓடைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உதைத்தார். கடைசியில் அது கிளம்பியது. அவர் போன தூசி அடங்குவதற்குள் நான் பட்டறைக்குள் போய்ப் பையை எடுத்தேன். அந்த அம்மா பார்த்தார். "போறியா?" என்றார். "ஆமாக்கா" என்றேன். "சரி" என்றார்.

கடத்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே படுத்து எழுந்தேன். அன்றைக்கு முகூர்த்த நாள். ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சமையல்காரர் ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்களில் இரண்டு பேர் வரவில்லையாம். என்னோடு இன்னொருவரும் வேலை கேட்டு நின்றார். நரைத்த மீசை, கையில் மஞ்சள் பை.

"எந்த ஊருப்பா?" என்று சமையல்காரர் என்னைக் கேட்டார்.

"பென்னாகரம் பக்கம்ங்க."

"ஊருக்குள்ளயா, காலனியா?"

"ஊருக்குள்ள."

அவர் அடுத்த ஆளின் பக்கம் திரும்பினார். வாயைத் திறப்பதற்குள் அந்த மனிதர், "நான் பாத்திரம் கழுவறங்க. எனக்கு அதாங்க பழக்கம்" என்று சொல்லிவிட்டுக் குழாய்ப் பக்கம் போனார். சமையல்காரர் முகம் லேசாயிற்று.

"அப்ப நீ சோறு போடு" என்றார் என்னிடம்.

வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் பந்திக்குப் போனேன். நான் போட்டதை எல்லாரும் சாப்பிட்டார்கள்.